இன்னொரு தடவை கேட்டால்

சத்தம் போடக்கூடாது. பிள்ளைக்கு இப்போதுதான் கண் சொருகியிருக்கிறது. நீட்டின என் இரண்டு காலுக்கும் நடுவில், மடித்துப் போட்ட பழைய நூல் சேலையில், மூக்கடைப்போடு வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாள் ஆதிரை, என் மகன் வயிற்றுப் பேத்தி, எட்டு மாதம். சோபா இருக்கிறது, கட்டில் இருக்கிறது, கம்பி வைத்த தொட்டில் ஒன்று மூலையில் பொம்மைகளைச் சுமந்துகொண்டு நிற்கிறது. அதிலெல்லாம் படுக்கவைத்தால் முதுகு பட்ட மறு நிமிஷம் வீறிடுவாள். அவளுக்கு என் கால்தான் வேண்டும். ஆகவே இத்தாலி தேசத்தில் பீசா நகரத்தில் மூன்றாம் மாடி வீட்டு ஹாலில், தரையில், சோபாவுக்கு முதுகு கொடுத்து நான் உட்கார்ந்திருக்கிறேன். நாலெட்டுத் தூரத்தில் சாப்பாட்டு மேசை. அங்கே மூன்று பேர் நாளைக்கு எப்படிப் போவது, எதைப் பார்ப்பது என்று தலையை ஒன்றாக வைத்துப் பேசுகிறார்கள். என் மகன் சுதன், மருமகள் வினோதினி, என் வீட்டுக்காரர். போகிறவர்கள் அந்த மூன்று பேர்தான். நான் போகவில்லை. போகவில்லை என்று நானேதான் சொன்னேன். அதுதான் வயிறு எரிகிறது. வேறு யாராவது சொல்லியிருந்தால் அவர்களையாவது திட்டலாம்.

போன ஞாயிற்றுக்கிழமை இட்லி சாப்பிடும்போது பேச்சு வந்தது. "எனக்கு லீவு வருதும்மா, சிங்குவே தேர்ரே போலாம்" என்றான் சுதன். கடலோரமாக ஐந்து ஊராம், மலையில் ஒட்டிக்கொண்டு இருக்குமாம், ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு மலைப்பாதையில் நடந்தே போகலாமாம். "ஆனா பாப்பாவத் தூக்கிட்டுப் போக முடியாது. சளி வேற புடிச்சிருக்கு, அந்தக் காத்து ஆகாது" என்று சொல்லிவிட்டு இட்லியைப் பிட்டான். அந்த ஒரு வாய் அவன் தொண்டையில் இறங்குவதற்குள் என் வாய் முந்திக்கொண்டது. "எனக்கு என்னத்துக்குய்யா அதெல்லாம்? முட்டி வலிய வச்சுக்கிட்டு. நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்க, பிள்ளைய நான் பாத்துக்கிடுறேன்." யார் கேட்டார்கள் என்னை? சரி, சொல்லிவிட்டேன். சொன்னால் அதற்கு என்ன பதில் வரவேண்டும்? அதெப்படி, நீ இல்லாமலா என்று வரவேண்டும். அட போங்கப்பா என்று நான் கையை உதறுவேன். வலித்தால் உட்கார்ந்து உட்கார்ந்து போவோம் என்று வரவேண்டும். அதற்கும் ஒரு தடவை மறுத்துவிட்டு, மூன்றாவது தடவை, இவ்வளவு சொல்கிறீர்களே என்று தலையை ஆட்டியிருப்பேன். வினோதினி என்ன சொன்னாள்? "தேங்க் யூ சோ மச் அத்தை!" அவ்வளவுதான், முடிந்தது. இவர் சட்னி கேட்டார். நான் எழுந்துபோய்ச் சட்னி எடுத்துக்கொண்டு வந்தேன்.

விருதுநகரில் என் அம்மா வீட்டில் காபி வேண்டுமா என்றால் இப்போதுதான் குடித்துவிட்டு வந்தேன் என்றுதான் சொல்லவேண்டும், மண்டை இடித்துக்கொண்டிருந்தாலும். "மொதத் தடவை கேட்டதும் சரிங்கிறவளப் பாத்தா அலஞ்சவன்னு நினைப்பாக" என்பாள் அம்மா. மூன்றாவது தடவை டம்ளரைக் கையில் திணிப்பார்கள், அப்போது குடிக்கலாம். கல்யாண வீட்டில் சேலை எடுத்துக் கொடுத்தால் வாசல்வரைக்கும் இழுபறி நடக்கும், கொடுக்கிறவளும் வாங்குகிறவளும் வேர்த்துப்போவார்கள், கடைசியில் சேலை சேரவேண்டிய கைக்குச் சேர்ந்துவிடும். யாரும் ஏமாந்ததில்லை. கேட்கிறவர்கள் விடாமல் கேட்பார்கள் என்ற தைரியத்தில்தானே மறுக்கிறோம். இவள் வடக்கே பிலாயில் வளர்ந்தவள், அப்பாவுக்கு இரும்பு ஆலையில் வேலை, இவளுக்கு இந்த இழுபறி எங்கே தெரியும்? கல்யாணமான புதிதில் இன்னும் ரெண்டு தோசை வைக்கட்டுமா என்று கேட்டேன், "வைங்க அத்தை" என்று தட்டை நீட்டினாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கல்லில் மாவு ஊற்றக்கூட இல்லை, ஒரு பேச்சுக்குக் கேட்டேன். சரி, அவளை விடு. அவள் வெளியிலிருந்து வந்தவள். சுதன்? அவன் என் அடுப்படியில் தவழ்ந்தவன்தானே. அத்தைமார் வீட்டில் முறுக்குத் தட்டை நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்ப்பானே, அவனுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் இட்லியைப் பிட்டான். அந்த இடத்தில்தான் ஆறு நாளாகச் சிக்கிக்கொண்டு கிடக்கிறேன். முள் குத்தின இடத்தையே கை போய்ப் போய்த் தடவுகிறது.

அந்தப் படத்தைப் பார்க்காமலாவது இருந்திருக்கலாம். அன்றைக்குச் சாயங்காலம் வினோதினி பக்கத்தில் வந்து உட்கார்ந்து போனில் காட்டினாள், "இத நான் எப்பவோ சேவ் பண்ணி வச்சது அத்தை" என்று. மலை நேராகக் கடலுக்குள் இறங்குகிறது. மலையை வெட்டிப் படிப்படியாகத் திராட்சைத் தோட்டம். அதன் விளிம்பில் ஓர் ஆள் போகிற அளவுக்குப் பாதை. கீழே நீலம், அப்படி ஒரு நீலத்தை நான் சேலையில்கூடப் பார்த்ததில்லை. பாதையில் ஒரு பொம்பளை போகிறாள், முதுகுதான் தெரிகிறது, தலை நரைத்திருக்கிறது, என் வயசு இருக்கும். அவள் கையில் ஒன்றும் இல்லை. பை இல்லை, பிள்ளை இல்லை, தண்ணீர் பாட்டில்கூட இல்லை. கையை வீசிக்கொண்டு போகிறாள். எனக்குக் கடலும் திராட்சையும் மறந்துபோய் அந்தக் கைகள்தான் ஞாபகத்தில் நின்றன. திருச்செந்தூரில் எல்லோரும் கடலில் இறங்கினார்கள், "ஜெயக்கொடி, பையப் பாத்துக்க" என்று இவர் கடிகாரத்தைக் கழற்றி என் மடியில் போட்டுவிட்டுப் போனார், ஈரத்துணியும் செருப்புமாக என்னைச் சுற்றி ஒரு கடை பரப்பினதுபோல் கிடந்தது, நான் மணலில் உட்கார்ந்து கடலைப் பார்த்தேன். கொடைக்கானலில் நாத்தனார் மகள் வாந்தியெடுத்தாள், நான் வேனிலேயே இருந்தேன். இங்கே வந்த முதல் வாரம் சாய்ந்த கோபுரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அதைத் தாங்கிப் பிடிக்கிற மாதிரி எல்லோரும் கையைத் தூக்கிக்கொண்டு படம் எடுப்பார்களாம், இவரும் எடுத்துக்கொண்டார். இவர் கோபுரத்தைத் தாங்கினார், நான் பால்புட்டிப் பையைத் தாங்கினேன். படத்தில் என் முழங்கை மட்டும் விழுந்திருக்கிறது. ஒரு நாள், ஒரே ஒரு நாள், கையில் ஒன்றும் இல்லாமல் நடக்கவேண்டும் எனக்கு. இதை யாரிடம் சொல்ல? சொன்னால் இதுவும் ஓர் ஆசையா என்று சிரிப்பார்கள்.

"கோர்னிலியா வேணாம்ப்பா, ஸ்டேஷன்ல இருந்து ஊருக்கு ஏகப்பட்ட படி" என்கிறான் சுதன். "அப்ப அத விட்ரு" என்கிறார் இவர். இவர் சொன்னால் ஓர் ஊரையே விட்டுவிடலாம். இந்த வீட்டு மாடி ஏறுவதற்குள் இரண்டு இடத்தில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மேலே பார்ப்பார், ஏதோ கட்டடத்தைச் சோதிக்க வந்த என்ஜினீயர் மாதிரி. மூச்சு வாங்குகிறது என்று சொல்லமாட்டார். சர்க்கரை வேறு. நான் இரண்டு கையிலும் காய்கறிப் பையோடு அவரைத் தாண்டி ஏறிப்போய்க் கதவைத் திறந்து வைப்பேன். ஆனால் நாளைக்கு யாரால் முடியும், யாரால் முடியாது என்ற கணக்கில் முடியாதவள் நான். "வெர்னாத்ஸால இருந்து மோந்தெரோஸ்ஸோவுக்கு நடக்கணும், அந்தப் பாதைதான் அழகு" என்கிறாள் வினோதினி. "நடக்க முடியலன்னா நீங்க ரயில்ல வந்துருங்க மாமா, அடுத்த ஸ்டேஷன்தான்." பார்த்தாயா. நடக்கமுடியாதவருக்கு ரயில் இருக்கிறது! முட்டி வலிக்காரிக்கு மட்டும் அந்த ரயில் ஓடாது போலிருக்கிறது. ஆறு நாளாக நானும் என்னென்னவோ செய்து பார்த்துவிட்டேன். நாளைக்கு அங்கே வெயில் எப்படி இருக்கும் என்று கேட்டேன். "நல்லாருக்கும்மா." அந்தப் பாதையில் செருப்புப் போட்டால் விடமாட்டார்களாமே, அபராதமாமே என்று கேட்டேன். "ஆமாம்மா, அப்பாவுக்கு ஷூ இருக்கு." எனக்கும் இருக்கிறதடா மகனே. விருதுநகரில் தெப்பக்குளத்துக்குப் பக்கத்துக் கடையில், புறப்படுகிறதற்கு முந்தின நாள், தையல் கடைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய் வாங்கினேன். வெள்ளை ஷூ. கடைக்காரப் பெண் நாடா கட்டிவிட்டாள், வெட்கமாக இருந்தது. பெட்டியில் அடியில், உள்பாவாடைகளுக்குக் கீழே கிடக்கிறது. இந்த வீட்டுத் தரையில்கூட அதைப் போட்டு நடந்து பார்த்தது கிடையாது. பார்த்தால் எதற்கு வாங்கினாய் என்று கேட்பார்கள், எனக்குப் பதில் தெரியாது. தெரியும், சொல்ல வராது.

வலது கால் மரத்துவிட்டது. எறும்பு ஊறுகிறது குதிகாலில். கொஞ்சம் அசைத்தால் பிள்ளை உதடு பிதுக்குகிறாள், தட்டு, தட்டு, ஆ...ராரோ, தூங்கு. இன்னும் மூன்று வாரத்தில் எங்கள் விசா முடிகிறது. அப்புறம் வினோதினியின் அம்மா வருகிறாள். முறை வைத்து வருகிறோம், பால்காரிகள் மாதிரி. அந்தச் சம்பந்தியம்மா பிரசவத்துக்கு வந்தபோதே புளோரன்ஸ் பார்த்துவிட்டுப் போனவள். தொப்பி வைத்துக்கொண்டு, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒரு பாலத்தின் மேல் நின்றுகொண்டு படம். நான் விருதுநகரில் வெங்காயம் உரித்துக்கொண்டே பார்த்தேன். எப்படிப் போனாள்? ரொம்பச் சுலபம், "என்னை புளோரன்ஸ் கூட்டிட்டுப் போங்க மாப்ள" என்று கேட்டாள், கூட்டிக்கொண்டு போனான். கேட்டிருக்கிறாள். வெட்கமில்லாமல், வாயைத் திறந்து. வரும்போது இந்த மலைக்கும் போவாள், அந்தப் பாதையில் நின்று கையை விரித்துக்கொண்டு படம் எடுத்துப் போடுவாள், நான் அதற்கு இரண்டு கையும் கூப்பின பொம்மையை அனுப்பவேண்டும். சூப்பர் சம்பந்தி. எனக்கு அவள்மேல் கோபம் இல்லை, அவள் கேட்டதுபோல் எனக்குக் கேட்கத் தெரியவில்லையே என்றுதான். இல்லை, அவள்மேலும் கோபம்தான். வினோதினிமேலும்தான். குனிந்து அந்த வரைபடத்தில் விரலை ஓட்டுகிறாளே, கழுத்தில் முடி விலகிச் சின்னப் பெண் மாதிரி இருக்கிறாள், அந்தக் கழுத்தைப் பார்த்தால்கூடப் பற்றிக்கொண்டு வருகிறது. பெற்று எட்டு மாதமான பிள்ளையை ஒரு நாள் பிரிந்து போகிறாளே, திரும்பி ஒரு தடவை பார்க்கிறாளா? பார்க்கிறாள். இதோ பார்த்தாள். என்னைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தாள். அதுவும் எரிகிறது.

"இந்தா" என்று இவர் இங்கே திரும்பிக் குரலைத் தணித்துச் சொல்கிறார், தூங்குகிற பிள்ளைக்கு மரியாதையாம். "வெள்ளனே எந்திரிச்சுக் கொஞ்சம் புளிச்சோறு கிண்டிரு. அங்க போயி ரொட்டியும் பாலாடைக்கட்டியும் என்னால முடியாது." "அத்தை, உங்களுக்குக் கஷ்டம்னா வேணாம்" என்கிறாள் வினோதினி. "கஷ்டம் என்னம்மா, புளி கரைக்கிற வேலதான" என்கிறது என் வாய். இந்த வாயை என்ன செய்ய? தைத்துப் போட்டால்தான் உண்டு. புளிச்சோறு போகிறது மலைக்கு. என் கை பிசைந்த சோறு ரயில் ஏறி, அந்தக் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்து, திராட்சைக் கொடிக்குக் கீழே பொட்டலம் பிரிக்கப்படும். நல்லெண்ணெய் வாசனையில் வெள்ளைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். சோறு போகிறது, நான் போகவில்லை. இவர் ஏப்பம் விட்டுவிட்டு, உப்பு ஒரு கல் கம்மி என்று சொல்வதற்குக்கூட நான் பக்கத்தில் இருக்கமாட்டேன்.

கேட்டுவிடு ஜெயக்கொடி. என்ன ஆகிவிடும்? நானும் வாரேன். இரண்டே சொல். அலைந்தவள் என்று நினைப்பார்களா? நினைக்கட்டும், எந்த அம்மா இங்கே வந்து பார்க்கப்போகிறாள். நினைத்துக்கொண்டே இருக்கிறேன், நெஞ்சு அடித்துக்கொள்கிறது, சொந்த மகனிடம் ஓர் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போ என்று கேட்க இப்படி அடித்துக்கொள்ளுமா? பயம் அது இல்லை. அலைந்தவள் என்று பெயர் வாங்குவதும் இல்லை. கேட்டு, அவன் வேண்டாம்மா என்று சொல்லிவிட்டால்? இதுவரைக்கும் நான்தான் வேண்டாம் என்று சொன்னேன். திருச்செந்தூரில், கொடைக்கானலில், எல்லா இடத்திலும் நானாகத்தான் இருந்துகொண்டேன் என்று ஒரு பேச்சு இருக்கிறது. நான் கேட்டு அவர்கள் மறுத்துவிட்டால் அந்தப் பேச்சும் போய்விடும். அப்புறம் என்னிடம் என்ன இருக்கும்? ஆனால் மூன்று வாரத்தில் விமானம் ஏறிவிடுவேன், மறுபடி வருகிறதற்குள் முட்டி நிஜமாகவே போய்விடும், உபசாரத்துக்குச் சொன்ன வலி உண்மையான வலியாகிவிடும். படத்தில் அந்தப் பொம்பளை நடந்துகொண்டே இருப்பாள். பிள்ளையின் மூச்சு கர்கர் என்கிறது. மேசையில் பேச்சு நின்றுவிட்டது. சுதன் போனைக் கையில் எடுத்துவிட்டான். "அப்ப ரயில் டிக்கெட், பாதைக்கு உண்டான கட்டணம் எல்லாம் சேத்து மூணு பேருக்குப் போட்டுறேன்" என்கிறான்.

"நானும் வாரேன்."

குரல் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது. பிள்ளை திடுக்கென்று கையை விரித்தாள், நெஞ்சில் உள்ளங்கையை வைத்து அழுத்தினேன், அடங்கினாள். மூன்று பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "என்னம்மா?" என்றான் சுதன். "நாளைக்கு நானும் வாரேன்னு சொன்னேன். எனக்கும் அதப் பாக்கணும். அந்தப் பாதையில நடக்கணும்." சொன்னபிறகுதான் தெரிந்தது, என் கண்ணில் நீர் நின்றது. இவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஒனக்கு எதுக்கு அந்த வேலை? முட்டி கெடக்குற கெடையில? பிள்ளைய யாரு பாக்குறது?" "ஒங்க மூச்சு கெடக்குற கெடைக்கு என் முட்டி தேவல" என்றேன். இத்தனை வருஷத்தில் மூன்றாம் பேர் முன்னால் அவரிடம் அப்படிப் பேசியதில்லை. "வாம்மா, யாரு வேணாம்னா? நீதான அன்னைக்கு..." என்றான் சுதன். "ஆனா பாப்பா..." என்று இழுத்தான். இழுத்து அப்படியே விட்டுவிட்டான். ஒருத்தர் இருக்கவேண்டும். இவர் இருக்கலாம். எனக்குத்தான் மூச்சு வாங்குதே, நீங்க போங்க என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? இவர் கண்ணாடியை வேட்டி நுனியில் துடைக்க ஆரம்பித்தார். சுதன் இருக்கலாம், இங்கேதான் இருக்கிறான், ஆபீஸ் ஆட்களோடு ஏற்கெனவே ஒரு தடவை போய் வந்தவன். சுதன் போனைத் தேய்த்தான். நான் இரண்டு பேரையும் பார்த்தேன். வினோதினியும் இரண்டு பேரையும் பார்த்தாள்.

"நீங்க போயிட்டு வாங்க அத்தை" என்றாள் அப்புறம். "நான் பாப்பாவோட இருக்கேன். எனக்கென்ன, இங்கதான இருக்கேன், எப்ப வேணா போய்க்கலாம்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியாதா? வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும். இந்த ஊருக்கு வந்ததும் அவளுக்கு வாந்தி, படுக்கை, அப்புறம் பிரசவம், அப்புறம் இந்த மூன்று அறையும் பால்புட்டியும். ஆறு நாளாக எந்த ரயில், எந்தப் பாதை, எங்கே உட்காரலாம் என்று தேடினது அவள்தான். அந்த ஊர்ப் பெயர்களைத் தடுக்காமல் சொல்கிறவளும் அவள்தான். தோசைக்குத் தட்டை நீட்டின பெண் எங்கள் வீட்டுக்கு வந்து எப்போதோ கற்றுக்கொண்டுவிட்டாள். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இன்னொரு தடவை கேட்கவேண்டும். அதெப்படி, நீ இல்லாமலா என்று நான் கேட்டால் போதும். நாக்கு வரைக்கும் வந்தது. கேட்டால் அவள் வருவாள். அவள் வந்தால் ஒருத்தர் இருக்கவேண்டும். அந்த ஒருத்தர் யார் என்று இந்த அறை மறுபடியும் என் பக்கம்தான் திரும்பும்.

"சரிம்மா" என்றேன்.

அவள் கண் ஒரு தடவை இமைத்தது. "மூணுதான அப்ப" என்று சொல்லிக்கொண்டே சுதன் விரலால் தொட்டான், போனில் ஒரு மணிச் சத்தம் வந்தது. இவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். வினோதினி வரைபடத்தை மூடிவிட்டு எழுந்து வந்தாள். என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, சோபாவுக்கு முதுகு கொடுத்து, இரண்டு காலையும் நீட்டினாள். "இங்க போடுங்க அத்தை, பழகிக்கிறேன்" என்றாள். பிள்ளையைச் சேலையோடு சேர்த்துத் தூக்கி அவள் காலில் கிடத்தினேன்.

"அசையாம இரு" என்றேன். "அசைஞ்சா முழிச்சிரும்."